மூன்று தரம் ஊதிய சங்கு

ஊசிமலைத் தோட்டம்,
தெமோதரை.
06.10.2002

அன்பு இராக்கம்மாவுக்கு உன் வீட்டுக்காரன் அழகர் எழுதுவது.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி உனக்குத் தெரிவதற்கு முன் நானே சொன்னால் பாதி மானமாவது மிஞ்சும். போன மாதம் இருபத்தெட்டாம் தேதி, சனிக்கிழமை ராத்திரி, நான் ஆடினேன். ஐம்பத்திரண்டு வயதில், பெக்டரிக்குக் காவல் நிற்கிற வாச்சர் கோட்டோடு, ஆறு லயத்துச் சனமும் பார்த்துக்கொண்டிருக்க, மூக்கில் வளையம் போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண்ணோடு ஆடினேன். என்னைவிட ஒரு முழம் உயரம். நீ பயப்படாதே, அவளுக்கு என்னைப் பிடிக்கவில்லை. இரண்டாவது சுற்றில் அவள் காலை மிதித்துவிட்டேன்.

விஷயம் இதுதான். சமாதானம் வந்ததிலிருந்து எல்ல ஊர்ப் பக்கமெல்லாம் வெள்ளைக்காரர்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு கொழும்புப் பொடியன்கள் கொஞ்சப் பேர் நம்முடைய மூடிக்கிடக்கிற பெக்டரியைப் பார்க்க வந்தார்கள். பார்த்ததும் பிடித்துப்போய்விட்டது. ஒரு ராத்திரி இங்கே மியூசிக் போட வேண்டும் என்றார்கள். பெரியதுரை லீவில் போயிருந்தார். சின்னத்துரை சரியென்றுவிட்டார். பெரிய கிளாக்கர் இரகுநாதன் ஐயா என்னைக் கூப்பிட்டார்.

"அழகர், சனிக்கிழமை பெக்டரியைத் திறந்து விடும். சின்னத்துரை சொல்லிப்போட்டார்."

"என்னாங்கய்யா, கலியாணமா?"

"கலியாணமெண்டால் சாப்பாடாவது கிடைக்கும். இது ஏதோ மெசின் பாட்டாம். நீர் திறப்பைக் கொண்டு போம்."

பாட்டுக்காரர்கள் வந்து இறங்குவார்கள் என்று வாசலில் நின்றேன். வந்தது இரண்டு லொறி நிறைய ஸ்பீக்கர். அரைக்கிற ரூமில் சுவர் மாதிரி அடுக்கினார்கள். வெளியே ஜெனரேட்டர். நடுவில் ஒரு மேசை, மேலே நாலு பெட்டி, பெட்டி நிறையப் பொத்தான். அதன் பின்னால் நீளமுடிக்காரன் ஒருத்தன், பேர் புவாத், கொழும்பில் ஸ்லேவ் ஐலண்ட் பக்கமாம். நல்ல பையன், போகும்போது அட்ரஸ் எழுதித் தந்தான்.

"தம்பி, பாடுறவரு எங்க?" என்றேன்.

"பாடுற ஆள் இல்ல அங்கிள். இதுதான் பாட்டு. கேசட் போடுறதில்ல, இப்பவே செய்றது. இன்னைக்கு வாற மாதிரி நாளைக்கு வராது."

"எங்க வீட்டுச் சோறும் அப்படித்தான் தம்பி" என்றேன். ஜெயந்தினி சமைக்கிறதைச் சொன்னேன். அவளிடம் சொல்லிவிடாதே.

இருட்டியதும் தொடங்கினான். இராக்கம்மா, அது காதால் கேட்கிற பாட்டே இல்லை. நெஞ்சுக்குள் யாரோ பெட்டி நகர்த்துகிற மாதிரி இருந்தது. டும், டும், டும். அந்த அதிர்ச்சியில் மேல்மாடிப் பலகை இடுக்கில் எட்டு வருசமாகக் கிடந்த தேயிலைத்தூசி புகை மாதிரிக் கொட்டியது. சிவப்பு லைட் போட்டால் சிவப்புத் தூசி, நீல லைட் போட்டால் நீலத் தூசி. இருநூறு பேர் தும்மிக்கொண்டே ஆடினார்கள். நான் அந்த வாசத்தில் நின்றேன். பெக்டரி ஓடின காலத்தில் மாதிரியே தரை ஆடியது.

ஒரு மணி இருக்கும், பெக்டரிக் கரண்டுச் சங்கு ஊதியது. எப்படியோ ஊதிவிட்டது. மூன்று தரம்.

மூன்று தரம் ஊதினால் என்ன என்று உனக்குத் தெரியும். மூன்றாம் லயத்துக்குப் பின்னால் மண் சரிந்த வருசத்திலிருந்து நமக்குள்ள வழக்கம்தானே. மலை இறங்குகிறது, எல்லோரும் பெக்டரிக்கு ஓடி வா என்று அர்த்தம். அன்றைக்கு மழை வேறு. ஆறு லயமும் எழும்பி வந்துவிட்டது. பிள்ளைகள், ஆடுகள், டீவி, கட்டிலில் தூக்கிய கிழவன்மார். கருப்பம்மா அக்கா பெட்டைக்கோழியை மாராப்புக்குள் வைத்துக்கொண்டு வாசலில் நின்று, "எங்கடா எறங்குது மலை?" என்று கத்துகிறாள். புவாத் பாட்டை நிறுத்தவில்லை. அவனுக்கு எங்கே கேட்கும்? வெள்ளைக்காரர்கள் இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக் கை தட்டினார்கள். அப்புறம் மலை இறங்கவில்லை என்று தெரிந்து, நனைந்த சனம் அங்கேயே நின்று, பிள்ளைகள் ஆடத் தொடங்க, நானும் ஆடினேன். சனத்தின் கோபத்தைக் குறைக்கத்தான் ஆடினேன் என்று வைத்துக்கொள்.

மற்றபடி எல்லோரும் சுகம். ஜெயந்தினி சுகம். வேறு விசேஷம் இல்லை.

அன்புடன்,
அழகர்


குவைத்
19.10.2002

ஜெயந்தினி அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. வேறு விசேஷம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

கருப்பம்மா அக்கா அந்த ராத்திரி இருட்டில் வடிகால் கானுக்குள் விழுந்து மணிக்கட்டு முறிந்து, பதுளை ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டது விசேஷம் இல்லையா? உங்களை வேலையை விட்டு நிறுத்தி வைத்திருப்பது விசேஷம் இல்லையா? அடுத்த வீட்டில் வேலை செய்கிற றமீலாவுக்கு பதுளையிலிருந்து அவள் தங்கச்சி டெலிபோனில் சொல்லியிருக்கிறாள். குப்பை போடப் போன இடத்தில் அவள் என்னிடம் கேட்கிறாள், "என்ன இராக்கம்மா, ஒங்கட வீட்டுக்காரருக்கு வேல போயிட்டாமே?" எனக்குத் தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. தெரியும் என்றேன். பொய் சொன்னேன்.

உங்கள் பேரில் வேலை இல்லையென்றால் லயத்து வீடு நமக்கு இல்லை. என் பேரை நான் இங்கே வந்தபோதே தோட்டத்து வேலைப் பதிவில் வெட்டிவிட்டார்கள். ஜெயந்தினி இன்னும் பேர் பதியவில்லை. இதை நான் சொல்லியா உங்களுக்குத் தெரிய வேண்டும்?

ஜனவரியில் எனக்கு ரெண்டு வருசம் முடிகிறது. இன்னும் ரெண்டு வருசம் இருக்கச் சொல்லி மெடம் பேப்பர் கொண்டுவந்துவிட்டாள். டிசம்பர் 15ஆம் தேதிக்குள் கையெழுத்து வேண்டுமாம். இங்கே ஈராக்கில் சண்டை வரும் என்று எல்லோரும் பேசுகிறார்கள். மெடம் ஜன்னலுக்கு ஒட்ட டேப் வாங்கி வைத்துவிட்டாள். எனக்கு இருக்க விருப்பமில்லை. ஆனால் வீடு இல்லாமல் வந்து எங்கே இறங்குவது? மூன்று பேரும் தெமோதரை ஸ்டேசனிலா படுப்பது?

வீடு இருக்கிறதா இல்லையா என்று அந்தத் தேதிக்கு முன் எனக்கு எழுதுங்கள். டெலிபோன் எடுக்க மெடம் விடமாட்டாள் என்பது உங்களுக்குத் தெரியும்.

இன்னொன்று. சங்கு எப்படியோ ஊதிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். சங்கு தானாக ஊதாது. யார் ஊதியது?

இராக்கம்மா


ஊசிமலைத் தோட்டம்
05.11.2002

அன்பு இராக்கம்மாவுக்கு,

நேற்று தீபாவளி. கருப்பம்மா அக்காவுக்கு ஒரு கையால் பலகாரம் சுட முடியாது என்று நான் போய்ச் சுட்டுக் கொடுத்தேன். அவள் ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, "மத்தக் கையையும் ஒடச்சிரு அழகரு, இத எடுத்துத் திங்காமலாவது இருப்பேன்" என்றாள். பேசுகிறாள், அதுவே பெரிது.

நீ கேட்டதற்கு மூன்று தரம் பதில் எழுதிக் கிழித்துப்போட்டேன். இது நாலாவது.

நான்தான் ஊதினேன்.

பின்னேரம் புவாத் வந்து சங்கின் சத்தம் வேண்டும் என்றான். சரியென்று ஒரு தரம் சின்னதாக ஊதிக் காட்டினேன். அதைப் பெட்டிக்குள் பிடித்துக்கொண்டான். ராத்திரி பாட்டுக்கு நடுவில் அதைப் போட்டதும் கூட்டம் பைத்தியமாகிவிட்டது. சின்னத்துரை குடித்து நல்ல வெறியில் இருந்தார். மேசைக்குப் பக்கத்தில் நின்று என்னைக் கூப்பிட்டு, உண்மைச் சங்கை ஊது என்றார். பின்னேரம் பூட்டிய ஜெனரேட்டர் வயரும் அதில் அப்படியே இருந்தது. வேண்டாம் என்றேன். திட்டினார். இருநூறு பேருக்கு முன்னால் அவர் திட்டியபோது என் கை தானாகப் போனது. ஒரு தரம் ஊதினேன். இன்னும் என்றார். மூன்றாவது ஊதும்போது எனக்கு லயத்தின் லைட்டுகள் ஒவ்வொன்றாய்ப் பற்றுவது ஜன்னலால் தெரிந்தது.

இப்போது சின்னத்துரை தான் அனுமதியே கொடுக்கவில்லை என்கிறார். அன்றைக்கு பண்டாரவளையில் இருந்தாராம். வாச்சர் ரகசியமாகத் திறந்து விட்டான், வெறியில் சங்கை ஊதினான் என்று குற்றக் கடிதம் இங்கிலீசில் வந்திருக்கிறது. ஜெயந்தினிதான் வாசித்துச் சொன்னாள். நான் பகிடிக்கு, "இங்கிலீசுல என் பேரு நல்லாத்தான் இருக்கு" என்றேன். அவள் எழும்பிப் போய்விட்டாள்.

லயத்துச் சனம் சாட்சி சொல்லலாம். ஆனால் அவர்கள் வரும்போது சின்னத்துரை பின்பக்கத்தால் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். யாரும் கண்ணால் காணவில்லை. இரகுநாதன் ஐயாவுக்குத் தெரியும். போய்க் கேட்டேன். கதவைப் பாதி திறந்துகொண்டு, "அழகர், எனக்கு பென்சனுக்குப் பதினாலு மாதம் கிடக்கு. நீர் என்னட்ட வரவும் இல்லை, நான் உம்மைக் காணவும் இல்லை" என்றார். கதவைச் சாத்தும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். அவரைத் திட்ட மனம் வரவில்லை.

விசாரணை டிசம்பர் 2ஆம் தேதி, திங்கட்கிழமை. கொழும்பிலிருந்து ஒரு ஆபிசர் வருகிறார். வீட்டை அதற்குப் பிறகு பார்ப்பார்களாம்.

என்னை நிறுத்தினது கூட எனக்கு அவ்வளவு இல்லை. போன கிழமை அடைமழை. ராத்திரி முழுக்கக் கான் இரைந்தது. கருப்பம்மா அக்கா பகிடி இல்லாமல் கேட்டாள், "இனிமே சங்கு ஊதினா யாருடா எந்திரிப்பா?" அன்றிலிருந்து மழை பலத்தால் நான் தப்பு மேளத்தை எடுத்துக்கொண்டு லயம் லயமாக மண்ணைப் பார்த்துவிட்டு வருகிறேன். ஏதும் என்றால் அடித்து எழுப்பலாம். தூக்கம் வருவதும் இல்லைதானே.

அழகர்


குவைத்
18.11.2002

ஜெயந்தினி அப்பாவுக்கு,

றமீலா நாளைக்கு ஊருக்கு வருகிறாள். தபாலில் போட்டால் விசாரணை முடிந்துதான் வரும் என்று இதை அவள் கையில் கொடுத்து விடுகிறேன். அவளுக்கு ஒரு தேத்தண்ணி கொடுங்கள், பகிடி பண்ண வேண்டாம். அவளுக்கு இங்கே சம்பளம் சரியாகக் கொடுக்கவில்லை, அழுதுகொண்டு வருகிறாள்.

நீங்கள்தான் ஊதினீர்கள் என்று வாசித்ததும் எனக்குக் கோபம் வரவில்லை. முதல் கடிதத்தை வாசித்தபோதுதான் வந்தது. நான் இங்கே வரப் புறப்பட்ட அன்று ஸ்டேசனில் எனக்கு அழ வேண்டும் போல இருந்தது. நீங்கள் கார்ட் ஐயாவின் தொப்பியைப் பற்றி ஏதோ சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தீர்கள். நானும் சிரித்துக்கொண்டு ரயில் ஏறினேன். நீங்கள் சிரிக்க வைக்காமல் இருந்திருந்தால் நான் போகாமல் இருந்திருப்பேனோ என்று இங்கே சட்டி கழுவும்போது பல தரம் நினைத்திருக்கிறேன். விசாரணையில் அப்படிச் செய்யாதீர்கள். கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். உங்கள் வாயில் உண்மையும் பகிடி மாதிரித்தான் வரும். தெரியாத ஆள் நம்பமாட்டான்.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். மெடத்தின் மகனும் ஒரு பெட்டி வைத்துப் பொத்தான் அமத்துகிறவன்தான். அவன் தான் செய்கிற ஒவ்வொன்றையும் பதிந்து வைப்பான். கேட்டால், திரும்பச் செய்ய வராது, அதனால் பதிகிறேன் என்பான். அந்தப் புவாத்தும் இன்று வந்தது நாளைக்கு வராது என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படிப்பட்டவன் பதியாமல் விட்டிருப்பானா? சின்னத்துரை மேசைக்குப் பக்கத்தில் நின்றுதானே கத்தினார்? ஜெயந்தினியை வைத்து அவனுக்கு எழுதுங்கள். இன்றைக்கே.

எனக்கு நோன்பு மாத வேலை. இரண்டு மணிக்குத்தான் படுக்கிறேன். தேதி 15. மறந்துவிடாதீர்கள்.

இராக்கம்மா


ஊசிமலைத் தோட்டம்
03.12.2002
எக்ஸ்பிரஸ்

அன்பு இராக்கம்மாவுக்கு,

வீடு இருக்கிறது. இதை முதலில் எழுதுகிறேன். கையெழுத்துப் போடாதே. மீதியை ஆறுதலாக வாசி.

றமீலா வந்த அன்றே ஜெயந்தினி புவாத்துக்குக் கடிதம் போட்டாள். எட்டு நாள் பதிலே இல்லை. தபால்காரர் வரும் நேரம் நான் பாதையில் நிற்பது அவருக்கே பழகிப்போய், தூரத்திலேயே கையை விரிப்பார். விசாரணைக்கு முன் சனிக்கிழமை கையை விரிக்கவில்லை. பார்சலில் ஒரு கேசட்டும் துண்டுக் கடுதாசியும் இருந்தது. அங்கிள், உங்களுக்கு இப்படி ஆனது எனக்குத் தெரியாது, மன்னிக்கவும் என்று எழுதியிருந்தான்.

ஆபிசுக்குள் ஆபிசர், பெரியதுரை, சின்னத்துரை, எழுத இரகுநாதன் ஐயா. நான் கேசட்டைக் கொடுத்தேன். சின்னத்துரை அதில் சங்கு வருகிற இடத்தை மட்டும் போடலாமே என்றார். ஆபிசர் கண்ணாடியைக் கழற்றி, "சாட்சி என்றால் முழுக்கக் கேட்க வேண்டும்" என்றார். முழுக்கக் கேட்டார்கள், இராக்கம்மா. நாற்பது நிமிசம். டும், டும், டும். அந்தச் சின்ன ஆபிசில், மேசையைச் சுற்றி, வாய் திறக்காமல். தேத்தண்ணி ஒரு தரம் வந்தது. கோப்பை தட்டில் கிடந்து நடுங்கியது. ஆபிசரின் பேனை தாளத்துக்கு ஆடத் தொடங்கியது, அதைக் கண்டதும் நிறுத்தினார். எனக்கு வாய்க்குள் பத்துப் பகிடி வந்தது. நீ எழுதினதை நினைத்து விழுங்கினேன்.

அப்புறம் சங்கு, பெட்டிக்குள் இருந்த சங்கு. கூட்டம் கத்தியது. அதற்கு மேலால் ஒரு குரல், மைக்கில், தெளிவாக:

"வாச்சர்! உண்மைச் சங்கை ஊது!"

அதற்குப் பின்னால் என் குரல் சின்னதாகக் கேட்டது. "வேணாங்கய்யா. மூணு தரம் ஊதுனா சனம் எறங்கி வந்துரும்."

"வரட்டும்! ஊதுடா!"

என் குரலை நான் அப்படிக் கேட்டதே இல்லை. யாரோ ஒரு பயந்த கிழவன் மாதிரி இருந்தது.

ஆபிசர் கேசட்டை நிறுத்தினார். இது யார் குரல் என்றார். சின்னத்துரை, தெரியாது, கொழும்புப் பொடியன் யாராவது இருக்கும் என்றார். பெரியதுரை ஜன்னலைப் பார்த்தார். நான் சொன்னால் செல்லாது என்று எனக்குத் தெரியும். அப்போது கதிரை இழுபட்டது. இரகுநாதன் ஐயா எழும்பி நின்றார். பேனை மூடியைப் பூட்டிச் சட்டைப் பையில் வைத்தார்.

"சேர், இந்தக் குரல் கூப்பிட்டால் நான் ஆறு வருசமா இப்பிடித்தான் எழும்பி நிக்கிறன். எனக்குத் தெரியாதெண்டு என்னெண்டு சொல்லுறது? பெக்டரியைத் திறக்கச் சொல்லி அழகருக்குச் சொன்னதும் நான்தான். எனக்குச் சொன்னது இவர்."

ஆபிசர் உட்காரச் சொல்லும்வரை ஐயா உட்காரவில்லை.

பிறகு ஆபிசர் என்னைக் கேட்டார், "சனம் வரும் என்று தெரிந்துதானே ஊதினாய்?"

"தெரிஞ்சுதான்யா ஊதினேன். அவரு சொன்னாரு, ஆனா கை என் கை. கருப்பம்மா அக்கா கை ஒடைஞ்சதும் என்னாலதான்" என்றேன்.

அதையும் எழுதிக்கொண்டார்.

தீர்ப்பு இப்படி. வாச்சர் வேலை இனி எனக்கில்லை. சங்கின் திறப்பை வாங்கிவிட்டார்கள். கான் வெட்டுகிற வேலைக்குப் போட்டிருக்கிறார்கள். பேர் செக்ரோல் பதிவில் இருக்கிறது, அதனால் வீடு இருக்கிறது. சின்னத்துரையைக் கொழும்புக்கு வரச் சொல்லியிருக்கிறது. ஐயாவின் பென்சன் என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லை. அவர் வீட்டு வாசலில் பின்னேரம் போய் நின்றேன். இந்தத் தரம் கதவை முழுக்கத் திறந்தார். "அழகர், அந்தப் பாட்டு இப்பவும் என்ர காதுக்குள்ள கிடந்து இடிக்குது. அது எப்ப நிக்கும், ஐசே?" என்றார்.

லயத்தில் மழை நாளுக்கு ஆள் வைத்துத் தப்பு அடிப்பது என்று முடிவாகியிருக்கிறது. முதல் முறை எனக்குத்தான். கேட்டு வாங்கிக்கொண்டேன்.

15க்கு முன் இது உன் கைக்கு வர வேண்டும். தபால் கந்தோரில் முத்திரையை நானே இரண்டு தரம் தடவி ஒட்டினேன்.

அழகர்


குவைத்
14.12.2002

ஜெயந்தினி அப்பாவுக்கு,

மத்தியானம் மெடம் பேப்பரையும் பேனையையும் குசினி மேசையில் வைத்துவிட்டுப் போனாள். இரண்டு மணிக்கு உங்கள் கடிதம் வந்தது. அந்தப் பேனையால்தான் இதை எழுதுகிறேன். பேப்பர் அப்படியே இருக்கிறது.

ஜனவரி 4, சனிக்கிழமை, விடிய கட்டுநாயக்கவில் இறங்குவேன். நீங்கள் வர வேண்டாம், ஜெயந்தினியும் வேண்டாம். வழிச்செலவு வீண். தெமோதரை ஸ்டேசனுக்கு வாருங்கள். அன்றைக்கு யாரையும் சிரிக்க வைக்கக் கூடாது. நான் முதலில் அழ வேண்டும்.

இராக்கம்மா


ஊசிமலைத் தோட்டம்
26.12.2002

அன்பு இராக்கம்மாவுக்கு,

கடிதம் இன்று காலை கிடைத்தது. இது நீ புறப்படுவதற்குள் வருமோ தெரியாது. வராவிட்டால் வீட்டுக்கு வந்து வாசித்துக்கொள்.

ஸ்டேசனில் நான் வாய் திறக்கமாட்டேன். நீ அழுது முடித்ததும் சொல், பெட்டியைத் தூக்குகிறேன்.

சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. கூரைத் தகரத்தில் ஒழுகிய இடம் அடைத்தாயிற்று. வாசல் கதவுக்கு நீ போகுமுன் கேட்ட பச்சை பெயின்ட் கிடைத்தது. இன்று மத்தியானம் அடித்தேன். உள்பக்கமும் அடிக்க வேண்டும் என்று உள்ளே வந்து, காற்றுக்குத் தூசி ஒட்டாமல் இருக்கக் கதவைச் சாத்திவிட்டு அடித்தேன். கதவு நிலையோடு ஒட்டிக்கொண்டது. திறக்கவில்லை. நான் உள்ளே இருக்கிறேன். ஜெயந்தினி கதவை நெம்ப அலவாங்கு கேட்க இரகுநாதன் ஐயா வீட்டுக்குப் போயிருக்கிறாள். இந்தக் கடிதத்தை ஜன்னலால் கருப்பம்மா அக்காவின் நல்ல கையில் கொடுத்து விடுகிறேன்.

அழகர்